பரணில் கிடைத்த பழைய பறவைக் கூண்டுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசலாமா?

மலைக்கோட்டை மைனா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் பழைய வீட்டின் பரணை ஒழித்தபோது, என் தாத்தா காலத்துப் பறவைக் கூண்டு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ இரண்டரை அடி உயரம் இருக்கும். மேற்பகுதி கலசம் போலக் குவிந்து ஒரு கொக்கியில் முடிகிறது. மெல்லிய இரும்புக் கம்பிகளைச் சுற்றுவளையங்களோடு பற்றவைத்துச் செய்திருக்கிறார்கள். அடியில் இழுத்து வெளியே எடுக்கும்படியான தகரத் தட்டு ஒன்று உண்டு. அந்தத் தட்டுதான் துருவேறி ஓட்டையாகிவிட்டதே தவிர, கம்பிகளில் ஒன்றுகூட ஒடியவில்லை. மேலே பச்சை, அது உதிர்ந்த இடங்களில் மஞ்சள், அதற்கும் கீழே ஏதோ ஒரு பழுப்பு என்று வண்ணம் அடுக்கடுக்காகத் தெரிகிறது. விரலால் தொட்டாலே செதிலாக உதிர்கிறது.

என் அப்பாவுக்கு இப்போது 76 வயது. கூண்டைப் பார்த்த நாள் முதலாக, சிறுவயதில் இதில் வளர்த்த பச்சைக்கிளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்காகவே இதற்கு வெள்ளை வண்ணம் பூசி, ஒரு கிளியும் வாங்கி விடலாம் என்று எண்ணுகிறேன். பழைய வண்ணத்தை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டுமா, அல்லது உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பூசலாமா? எந்த வகை வண்ணம் நல்லது? பூசி எத்தனை நாள் கழித்துப் பறவையை விடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்புத்தாள் எழுதியது:

வணக்கம் அம்மா. மதுரையில் 30 ஆண்டுகளாக வண்ணம் பூசும் தொழிலில் இருப்பவன் என்பதால், வேலையை மட்டும் சொல்கிறேன். பறவையைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைச் சொல்லட்டும்.

செதிலாக உதிரும் வண்ணத்தின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த எனாமலைப் பூசினாலும், அடியில் இருப்பது கழன்று வரும்போது மேலே பூசியதையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். ஆகவே தளர்ந்த பகுதி அனைத்தும் போக வேண்டும். இறுகப் பிடித்திருக்கும் பகுதியை விளிம்பு தட்டாதபடி தேய்த்துச் சமன்படுத்தினால் போதும். கம்பிப் பிரஷ்ஷால் துருவை எடுத்து, 120 எண் தாளில் தொடங்கி 220 எண் தாளில் முடியுங்கள். இரும்பு வெளியே தெரியும் இடங்களில் ரெட் ஆக்சைடு ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கை, அது காய்ந்த பிறகு சிந்தெடிக் எனாமல் இரண்டு கை. கெட்டியாக ஒரே கையில் பூசிவிடலாம் என்று நினைத்தால், கம்பியும் வளையமும் சந்திக்கும் இடங்களிலெல்லாம் வண்ணம் சொட்டாக இறங்கி அப்படியே உறைந்துவிடும்.

இன்னொன்று. கூண்டுக் கம்பிக்குப் பிரஷ்ஷை எடுத்தால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஸ்ப்ரே டப்பா வாங்கினால் பாதிக்கு மேல் இடைவெளி வழியாகக் காற்றில் போய்விடும். நாங்கள் கையில் ரப்பர் உறை மாட்டி, அதன்மேல் பழைய காலுறை ஒன்றை அணிந்து, வண்ணத்தில் லேசாக நனைத்து ஒவ்வொரு கம்பியையும் பிடித்து உருவிவிடுவோம். கம்பியின் நான்கு பக்கமும் ஒரே இழுப்பில் மூடிவிடும். சந்திப்புகளுக்கு மட்டும் சிறிய பிரஷ். கூண்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஒரு முறையும், நேராகத் தொங்கவிட்டு ஒரு முறையும் பார்த்தால்தான் விட்டுப்போன இடம் கண்ணில் படும்.

நொய்யல் கரை எழுதியது:

வண்ணத்துக்குப் போவதற்கு முன் பறவைக்கு வருவோம். அப்பாவின் ஆசை புரிகிறது. ஆனால் பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வாங்குவதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். அப்பாவின் சிறுவயதில் அது ஊரெங்கும் நடந்த வழக்கம்தான் என்றாலும், இப்போது யாராவது கொண்டுவந்து கொடுத்தால்கூட வாங்காதீர்கள். சிட்டுக்குருவி அளவில் விற்கப்படும் நெல்குருவி வகைகளுக்கும் இதே நிலைதான். ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜி, காக்டெய்ல் போன்றவற்றைத்தான் வீட்டில் வளர்க்க முடியும். பட்ஜியைத்தான் நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்கிறார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, அதன் அலகு இன்னும் வலிமையானது.

நான் கோவைப் பக்கம் 14 ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். உப்புத்தாள் அண்ணன் சொன்ன முறையில் சன்னல் கம்பிக்குப் பூசினால் ஒரு குறையும் இருக்காது. ஆனால் சன்னல் கம்பியை யாரும் கடிப்பதில்லை. கிளி இனத்துப் பறவைக்கு அலகு மூன்றாவது கால். கம்பியில் ஏறும்போது முதலில் அலகால் கவ்விக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கும். பொழுது போகாவிட்டால் அதே கம்பியை மணிக்கணக்கில் கொறிக்கும். ஆகையால், எந்த வண்ணம் பூசலாம் என்று கேட்பதற்கு முன்னால், பூசியதை ஒரு பறவை ஒரு மாதம் தின்றால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கம்பி இடைவெளியையும் அளந்து பாருங்கள். பட்ஜிக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். பச்சைக்கிளிக்காகச் செய்த கூண்டில் பெரும்பாலும் அதைவிட அகலமாகவே விட்டிருப்பார்கள்.

மலைக்கோட்டை மைனா எழுதியது:

இருவருக்கும் நன்றி. சட்ட விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியென்றால் சின்னதாக ஒரு ஜோடி வாங்கு” என்றார். பட்ஜிக்கு அவர் சம்மதித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இடைவெளியை அளந்தேன், முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது.

வண்ணத்தின் வரலாற்றையும் அவரே சொன்னார். கூண்டு 1960களில் வீட்டுக்கு வந்ததாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, சன்னலுக்கும் கதவுக்கும் பூசியது போக டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கூண்டுக்குப் பூசிவிடுவார்களாம். அந்த மஞ்சள் எங்கள் சன்னல்களில் இருந்த மஞ்சள். பச்சை, பின்கட்டுக் கதவின் பச்சை. நேற்று நான் உப்புத்தாளை எடுத்து ஒரு பக்கம் தேய்க்கத் தொடங்கினேன். என் நான்கு வயது மகள் உதிர்ந்த மஞ்சள் செதில்களைப் பொறுக்கிக் கோலத்தில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இன்று மீதியையும் தேய்த்து முடிக்கலாம் என்றிருக்கிறேன்.

வேதிவாத்தியார் எழுதியது:

அம்மா, தயவுசெய்து தேய்ப்பதை உடனே நிறுத்துங்கள். குழந்தையின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். தேய்த்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டாயமாக 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வைக்க வேண்டும் என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் கிடைக்க லெட் குரோமேட் என்னும் ஈயச் சேர்மத்தைத்தான் சேர்த்தார்கள். அதே மஞ்சளோடு நீலத்தைக் கலந்துதான் பல பச்சைகளைச் செய்தார்கள். வண்ணம் விரைவில் காய்வதற்காகவும் ஈய உப்புகளைச் சேர்ப்பது உண்டு. உங்கள் கூண்டில் இருக்கும் மஞ்சளும் பச்சையும் ஐயத்துக்குரிய நிறங்களிலேயே முதலிரண்டு.

கூண்டில் அது பேசாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை தீங்கு குறைவு. உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி மூச்சிலும் தரையிலும் குழந்தையின் விரலிலும் போய்ச் சேருகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு நாள் விளையாட்டுக்காக நீங்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து, சோதனை. ஈயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. மேற்பரப்பில் மட்டும் தேய்த்தால் மேலடுக்கைப் பற்றித்தான் தெரியும். ஆகவே கூரான கத்தியால் சாய்வாக ஒரு கீறு கீறி, எல்லா அடுக்குகளும் விளிம்பில் தெரியும்படி செய்து, அங்கே ஈரக் குச்சியைத் தேயுங்கள். வண்ணமே சிவப்பாக இருந்தால் அந்தச் சாயமே குச்சியில் ஏறி ஏமாற்றும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கம்பியைப் பற்றவைத்த இடங்களிலும் தேய்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கம்பிகளை ஒட்ட உருக்கி விட்ட பற்றுக்கலவை என்பது பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்ததுதான்.

பழம்பொருள் பித்தன் எழுதியது:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இதுபோன்ற கூண்டுகளைப் பல முறை பார்த்து, இரண்டை வாங்கியும் இருப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. நம் வீடுகளில் ஈயச் சொம்பில் ரசம் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவருடைய அப்பா வளர்த்த கிளியும் அதே கூண்டில்தானே வாழ்ந்தது? வேதியியல் படித்தவர்கள் பேசத் தொடங்கினால் தண்ணீர் குடிக்கவும் பயமாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் வெள்ளை வண்ணமே வேண்டாம். அடுக்கடுக்காகத் தெரியும் அந்தப் பழமைதான் கூண்டுக்கு அழகு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கம்பி.

வேதிவாத்தியார் எழுதியது:

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வண்ணத்தில் இருப்பது காரீயம். நாம் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பூச வேண்டியதும் வெள்ளீயம்தான். கலப்படமாகக் காரீயம் சேர்ந்த சொம்பு விற்கப்படுவதும் உண்டு. அதில் புளிக்கரைசலைக் கொதிக்க வைப்பது நல்லதன்று. உங்கள் வீட்டுச் சொம்பு மிகக் கனமாகவும் நகத்தால் கீறினால் தடம் விழும்படியும் இருந்தால், அதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். கிளியைப் பற்றிக் கால்நடை மருத்துவர் யாராவது சொன்னால் நன்று.

மேட்டூர் மருத்துவர் எழுதியது:

சொல்கிறேன். பறவைக்குப் பல் இல்லை. விழுங்கியதை அரைப்பதற்குத் தசை மிகுந்த அரைவைப்பை இருக்கிறது. அதற்குள் போன உலோகத் துண்டு எளிதில் வெளியே வராது. அங்கேயே தங்கி, அமிலத்தில் ஊறி, அரைபட்டு, சிறிது சிறிதாக இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நமக்குத் தூசியாகத் தெரியும் ஒரு செதில் அதற்கு எவ்வளவு பெரிய அளவு என்பது விளங்கும்.

என்னிடம் கொண்டுவரப்படும் பறவைகளில் ஈயத்தைப் போலவே துத்தநாகத்தாலும் பாதிக்கப்பட்டவை உண்டு. புதிதாகத் துத்தநாகம் பூசிய வலையில் ஆங்காங்கே சொட்டாக உறைந்த துணுக்குகளும், நாளடைவில் மேலே படியும் வெண்மையான மாவும் இருக்கும். பறவை அவற்றைக் கொத்தித் தின்றுவிடும். அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: சிறகை உப்பிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும், தண்ணீர் மிகுதியாகக் குடிக்கும், உண்டதைக் கக்கும், எச்சம் கரும்பச்சையாகும், கால்கள் வலுவிழந்து குச்சியிலிருந்து விழும், முற்றினால் வலிப்பு வரும். எக்ஸ்ரேயில் அரைவைப்பைக்குள் வெள்ளைப் புள்ளியாக உலோகம் தெரிந்தால், உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை ஊசியாகக் கொடுப்போம். உரிய நேரத்தில் கொண்டுவந்தால் பிழைக்கும். ஆனால் பறவைகள் நோயை மறைப்பதில் வல்லவை என்பதால், பெரும்பாலும் காலம் கடந்தே கொண்டுவருகிறார்கள்.

பித்தன் ஐயா கேட்ட கேள்விக்கு: அந்தக் கிளி எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று யாரும் கேட்கவில்லையே. கூண்டில் 25 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பறவை ஐந்தாறு ஆண்டில் இறந்தால், “பாவம், கண் பட்டுவிட்டது” என்று சொல்லி மாமரத்தடியில் புதைத்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது.

மலைக்கோட்டை மைனா எழுதியது:

அப்பாவிடம் கேட்டேன். நான்கு ஆண்டாம். மாமரம் இல்லை, கொய்யா மரம்.

கடலோரக் காற்று எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பவுடர் கோட்டிங் செய்தால் சிக்கல் தீரும் என்று யாராவது சொல்வதற்குள், என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடமும் இதே போன்ற பற்றவைத்த கூண்டு ஒன்று இருந்தது. கடற்காற்றில் எந்த எனாமலும் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பவுடர் கோட்டிங்கில் கரைப்பானே இல்லை, வாசனை இல்லை, எனாமலைவிட உறுதி, கடைகளில் விற்கும் நல்ல கூண்டுகள் அதில்தான் வருகின்றன என்று படித்துவிட்டு, கதவு கிரில்களுக்குப் பூசும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஒரு சாக்குப்பையில் 60, 70 கம்பிகளையும் ஐந்து வளையங்களையும் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது. கேட்காமல் கொடுத்தது நான்தான்.

வேதிவாத்தியார் எழுதியது:

காரணம் எளிது. பவுடரை உருக்கிப் படிய வைக்க அடுப்பின் சூடு 180 முதல் 200 டிகிரி வரை தேவை. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றுக்கலவை ஏறத்தாழ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். வெல்டிங் செய்த இன்றைய கூண்டுகளுக்கு இந்த ஆபத்து இல்லை. கம்பியும் வளையமும் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் மழுமழுவென்று ஒரு துளி படிந்திருந்தால் அது பற்றுக்கலவை. அதை அடுப்பு, ஹீட் கன், புளோ லேம்ப் எதனருகிலும் கொண்டுபோகக் கூடாது. பழைய வண்ணத்தை நெருப்பால் பொசுக்கி எடுக்கும் வழக்கத்தையும் இங்கே கைவிட வேண்டும். ஈயம் புகையாகிவிடும், துத்தநாகப் பூச்சு இருந்தால் அந்தப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும்.

காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இரும்பிலுள்ள வண்ணத்தை அது நன்றாகவே உரித்துவிடும். ஆனால் கண்ணில் ஒரு துளி பட்டால் கண் போய்விடும். வண்ணத்திலிருந்த ஈயத்தில் ஒரு பகுதியையும் நீரில் கரைத்துக்கொண்டு வரும். அந்த நீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி பிறகு வரும். சிறு குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம் என்பேன்.

உப்புத்தாள் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 30 ஆண்டில் எத்தனை சன்னலை, எத்தனை கதவை, முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் காய்ந்த தாளில் தேய்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. என் முதல் பதிலில் காய்ந்த நிலையில் தேய்க்கச் சொன்னது தவறு, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஈரத்தில் தேய்க்க வேண்டும். அதற்கென்றே கருப்பு நிறத்தில் வாட்டர் பேப்பர் விற்கிறது. பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் கூண்டை வைத்து, வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பை விட்டு, தாளை அதில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். தூள் பறக்காது, சேறாக இறங்கும். கைக்கு உறை, முகத்துக்கு என்-95 முகமூடி, வேலைக்கென்று ஒதுக்கிய பழைய உடை. வேலை முடிந்ததும் உடனே குளித்துவிட்டு உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் வெளுத்த இரும்பு ஒரு மணி நேரத்தில் துருப்பிடித்துச் சிவக்கும் என்பதால், ஒவ்வொரு பகுதியாக முடித்து உடனே உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். அன்றே ப்ரைமர் பூசிவிடுவது நல்லது.

ப்ரைமரிலும் ஒரு குழப்பம் உண்டு. கடைப் பையன்களுக்கே தெரிவதில்லை. ரெட் ஆக்சைடு என்பது இரும்புத் துருவின் நிறப்பொடி. பழைய இரும்புப் பாலங்களுக்குப் பூசிய செந்தூர நிறப் பூச்சு சிவப்பு ஈயம்; அது முற்றிலும் வேறு. மஞ்சளாக வரும் சிங்க் குரோமேட் ப்ரைமரும் பறவை இருக்கும் இடத்துக்கு ஆகாது. துத்தநாகப் பூச்சுள்ள வலைக்கு நேரடியாக எனாமல் பூசினாலும் நிற்காது. எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்புப் போல ஒரு படலமாகி, ஆறு மாதத்தில் தோல் உரிவதுபோல் உரியும். அதற்கென்று தனி ப்ரைமர் வேண்டும்.

இவ்வளவும் செய்து இரண்டு கை நல்ல எனாமலை ஏற்றினால், அடியில் ஈயம் மிச்சம் இருந்தாலும் அது மூடப்பட்டுவிடும் என்பது என் கருத்து.

நொய்யல் கரை எழுதியது:

அண்ணா, அங்கேதான் நான் உடன்படவில்லை. கதவில் மூடிய ஈயம் மூடியபடியே இருக்கும். கூண்டில், பட்ஜி ஒரே மாதத்தில் அந்த மூடியைத் திறந்துவிடும். என் கொட்டகையில் ஒரு காக்டெய்ல், ஆலையிலிருந்து வந்த பூச்சையே ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உண்ணும் கிண்ணத்தைச் சுற்றி நாலு விரற்கடை நீளத்துக்கு உரித்துவிட்டது. ஈயம் இல்லாத பூச்சு என்பதால் பிழைத்தது.

ஃபிஞ்ச் வகைச் சிறு பறவைகள் கம்பியைக் கொறிப்பதில்லை. அவற்றுக்கு வைத்துக்கொள்ளலாமே என்றும் கேட்கலாம். அவை தட்டில் உதிர்ந்து கிடக்கும் செதிலைச் செரிமானத்துக்கான மணல் என்று நினைத்துப் பொறுக்கிவிடும். தவிர, முக்கால் அங்குல இடைவெளியில் அவை கூண்டுக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் அதிகமாக இருக்கும்.

பூச்சு வாசனையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. உள்ளே போகும் காற்றிலிருந்து நம்மைவிடத் திறமையாகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். நச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளை நச்சுக்காற்றை அறிய வைத்திருந்தது இதனால்தான். எனாமல் ஒரு நாளில் கையில் ஒட்டாமல் காய்ந்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். புதுக்கூண்டே ஆனாலும் சரி, கதவிலோ சன்னலிலோ பூச்சு வேலை நடந்தாலும் சரி, மூக்கைக் கம்பியோடு ஒட்டி முகர்ந்தால் வாசனையே தெரியாத நாள் வரும் வரை பறவையைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். குறைந்தது மூன்று வாரம் என்பது என் வழக்கம்.

மலைக்கோட்டை மைனா எழுதியது:

சோதனைக் குச்சிகள் வந்து சேர்ந்தன. மூன்று இடங்களில் சாய்வாகக் கீறிப் பார்த்தேன். மேல் பச்சையில் குச்சி மெல்ல இளஞ்சிவப்பானது; மஞ்சள் அடுக்கு தெரிந்ததும் நொடிப்பொழுதில் நன்றாகச் சிவந்துவிட்டது. பற்றவைத்த துளிகளிலும் அப்படியே. அடியில் பழுப்பாகத் தெரிந்தது வண்ணமே இல்லை, துரு. மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். கவலைப்படும் அளவு எதுவும் இல்லை என்றார் மருத்துவர். வாத்தியார் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வண்ணத்தை முழுவதும் எடுத்தாலும் பற்றுத் துளிகள் இருக்கும். அவற்றை எடுத்தால் கூண்டே இருக்காது. ஆகவே இந்தக் கூண்டில் இனிப் பறவை இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். பட்ஜிகளுக்கு நீளவாக்கில் பறக்க இடமுள்ள வெல்டிங் கூண்டு ஒன்றை வாங்கிவிட்டேன். பழைய கூண்டை, உப்புத்தாள் அண்ணன் சொன்னபடி ஈரத்தில் தேய்த்து, உதிர்வதை மட்டும் நீக்கி, மூடிப் பூசி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் முன்வாசலில் தொங்கவிட்டு உள்ளே மணி பிளான்ட் தொட்டியை வைக்கப் போகிறேன். பித்தன் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளை வேண்டாம், பின்கட்டுக் கதவின் அதே பச்சை வேண்டும் என்கிறார். கதவு இப்போது இல்லை. கூண்டிலிருந்து கை நகத்தளவு செதில் ஒன்றை நெகிழிப் பையில் போட்டு ஒட்டி, அதைக் காட்டி ஹார்டுவேர் கடையில் நிறம் கலந்து வாங்கி வந்திருக்கிறேன். டப்பாவில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்டிருப்பதையும் பார்த்துக்கொண்டேன்.

பழம்பொருள் பித்தன் எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை. நகரத்தார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பித்தளைக் கூண்டு ஒன்றில், பேத்தி கேட்டாள் என்பதற்காக இரண்டு ஃபிஞ்ச் விட்டிருந்தேன். இதையெல்லாம் படித்த பிறகு அவற்றை வேறிடம் மாற்றிவிட்டேன். பித்தளையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது. அதுவும் ஆகாது என்றுதான் சொல்வீர்கள். புளி போட்டுத் துலக்கி, விளக்கு வைத்துக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை மைனா எழுதியது:

தேய்த்து முடித்தேன். மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. வாளியில் மஞ்சளும் பச்சையுமாகச் சேறு தங்கியிருக்கிறது. இதை என்ன செய்வது? முருங்கை மரத்தடியில் ஊற்றலாமா?

வேதிவாத்தியார் எழுதியது:

முருங்கைக்கு வேண்டவே வேண்டாம். கீரையை நீங்கள்தானே உண்ணப் போகிறீர்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் சேறு அடியில் படியும். மேல் நீரைத் துணியில் வடிகட்டிக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். அடிச்சேறு, துணி, தேய்ந்த தாள்கள், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி, ‘பழைய வண்ணக் கழிவு, நச்சு’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள். எழுதியிருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள்.

மலைக்கோட்டை மைனா எழுதியது:

முதல் கைப் பச்சையைக் காலுறை முறையில் நேற்று பூசினேன். அருமையாக வந்தது, ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆனால் இரவு முழுக்க மழை. காலையில் பார்த்தால் பளபளப்பெல்லாம் போய், மேலே மூச்சு விட்ட கண்ணாடிபோல் வெளுத்துக் கிடக்கிறது. நான் என்ன தவறு செய்தேன்?

உப்புத்தாள் எழுதியது:

ஒரு தவறும் இல்லை அம்மா. நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் நிற்கும். எனாமல் காய்வதற்குள் அந்த ஈரம் மேலே படிந்து இப்படி வெளுத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு 320 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவிவிட்டு இரண்டாவது கையை ஏற்றினால் சரியாகிவிடும். மீதி வண்ணத்தின்மேல் சிறிது டர்பன்டைன் விட்டு, டப்பாவை இறுக மூடிக் கவிழ்த்து வையுங்கள். கூண்டை உள்ளே எடுத்து ஓர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். பட்ஜி இருக்கும் அறை வேண்டாம். தை பிறந்ததும் பூசிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அதற்கு அதுதானே வழக்கம்.